சைரனுக்கு அசையாத நாய்

குண்டுவீச்சு எச்சரிக்கைச் சைரன் அலறியதும் காப்பகத்து நாய்கள் மூலைகளில் போய் ஒண்டிக்கொண்டன. புப்லிக் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது. புப்லிக் என்றால் வளைய ரொட்டி; அதைப் போலச் சுருண்டு படுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

“கார்கிவ்லயே தைரியசாலி இவன்தான். ஆனா கூண்டப் பாத்தாதான் நடுங்குறான்” என்றார் ஓட்டுநர் ஓஸ்தாப்.

லிவீவ் நகரத்தில் ஒரு குடும்பம் புப்லிக்குக்காகக் காத்திருந்தது. வண்டி இப்போதே கிளம்ப வேண்டும்.

“இவன் இன்னிக்குப் போகலைன்னா அவங்க வேற நாய எடுத்துக்குவாங்க” என்றாள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் நேல்யா.

தண்ணீர் வைக்க உதவிக்கு வரும் பத்து வயது யுஸ்தினா கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள்.

நேல்யா தொத்திறைச்சித் துண்டை நீட்டினாள். புப்லிக் கூண்டின் வாசல்வரை வந்தது. கூண்டுகளின் தாழ்ப்பாள்கள் தளர்ந்திருந்ததால் ஓஸ்தாப் பக்கத்துக் கூண்டுக்கு டேப்பை இழுத்து ஒட்டினார். கிர்ர்ர்ரக்!

புப்லிக் பெஞ்சுக்கு அடியில் பாய்ந்தது. வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

மறுபடி கூப்பிட்டார்கள். வந்தது. கிர்ர்ர்ரக்! மறுபடி ஓடியது.

யுஸ்தினாவுக்குத் தங்கள் ஊர் வீடு நினைவுக்கு வந்தது. அங்கிருந்து கிளம்பிய அன்று அப்பா நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார். அந்தச் சத்தம் நின்றதும் வீடு காலியாகிவிட்டது.

“மாமா, அவன் கூண்டுக்குப் பயப்படல. டேப்புக்குத்தான் பயப்படுறான்.”

“குண்டுக்கே அசையாதவன் டேப்புக்கா பயப்படுவான்?”

“அந்தச் சத்தம் கேட்டா, வீட்ல இருக்கிறவங்க எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு நினைக்கிறான்.”

ஓஸ்தாப் டேப்பைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சரிம்மா. அப்ப இவன் கூண்டு தாழ்ப்பாள எதால கட்டுறது? என் மீசையாலயா?”

“உங்க ஷூ நாடா போதும் மாமா.”

நேல்யா சிரித்துவிட்டாள். ஓஸ்தாப் முணுமுணுத்துக்கொண்டே நாடாவை உருவினார்.

யுஸ்தினா கூண்டுக்குப் பக்கத்தில், புப்லிக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நெடுநேரம் கழித்து ஈரமான மூக்கு ஒன்று அவள் முழங்கையைத் தொட்டது. புப்லிக் அவளைச் சுற்றி வந்தது. கூண்டை முகர்ந்தது. உள்ளே போய் வளைய ரொட்டியாகச் சுருண்டுகொண்டது.

யுஸ்தினா நாடாவால் சத்தமில்லாமல் முடிச்சுப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஓஸ்தாப் திரும்பி வந்தார். அவருடைய ஒரு ஷூவைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

“என் நாடா எங்கேன்னு கேக்குறியா? உன் சிநேகிதன் கவ்விக்கிட்டு புது வீட்டு சோபாவுல படுத்துட்டான். திருப்பித் தரமாட்டேங்குறான்.”

யுஸ்தினாவின் பார்வை அவருடைய ஷூவை விட்டு நகரவில்லை. ஓஸ்தாப் தொண்டையைச் செருமினார்.

“அட, அவன் வீட்டுக்குள்ள போயி, அவங்க கதவச் சாத்தி, நான் தெருமுனைக்கு வந்த பிறகுதாம்மா இத ஒட்டினேன்.”