பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு

ஹலினாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

பின்னே என்ன? ஐஸ் ஹாக்கிப் பயிற்சி முடிந்தாலே அவள் தோழி இங்கிரிட் தலைவலியில் துடிக்கிறாள். நேற்று வாந்தியே எடுத்துவிட்டாள். அதற்குப் பயிற்சியாளர் டுவயர் அத்தனை பேர் முன்னாலும், "நல்லாத்தான் நடிக்கிற. சனிக்கிழமை பக்கத்து ஊர் மேட்சுக்கு நீ வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டார்.

பனித்தரையை வழவழப்பாக்க ஓடும் வண்டியின் புகைதான் காரணம் என்று ஹலினா அடித்துச் சொன்னாள். குளிருக்குப் பயந்து அரங்கின் எல்லாக் கதவையும் அடைத்து வைத்தால் புகை எங்கே போகும் என்று கேட்டாள். ஒருமுறை இல்லை, ஒன்பது முறை கேட்டாள். தொல்லை தாங்காமல் டுவயர், காற்றில் நச்சு வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் லோர்னை வரவழைத்தார்.

லோர்ன் கையடக்கமான ஒரு மீட்டரோடு வந்தார். உள்ளே வருமுன் அதற்குச் சுத்தமான காற்றைக் காட்டி, 'இதுதான் பூஜ்யம்' என்று ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். அதை வெளியே தன் வண்டியருகில் நின்று செய்தார். அந்த ஊரில் குளிர்காலத்தில் யாரும் வண்டியை அணைப்பதில்லை. அணைத்தால் திரும்பக் கிளம்பாது.

உள்ளே வந்து அளந்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

டுவயர் சிரித்தார். இங்கிரிட் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹலினா சன்னல் வழியாக லோர்ன் வெளியே செய்ததையெல்லாம் பார்த்திருந்தாள்.

"சார், மீட்டருக்கு எந்தக் காத்தைக் காட்டுனீங்க? உங்க வண்டிப் புகையையா?"

வெளிக்காற்றெல்லாம் சுத்தம்தான் என்றார் லோர்ன். ஹலினா விடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரங்குக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்குப் போனாள். மீட்டரில் எண் இறங்கியது. மைனஸ் முப்பத்தெட்டு.

"இது குளிரா சார்?"

"இல்லம்மா, வாயுதான்," என்றார் லோர்ன், காதைச் சொறிந்துகொண்டே.

"வாயுவே இல்லாததை விட முப்பத்தெட்டு கம்மியா? அது எப்படி சார்?"

லோர்னின் முகம் தொங்கிப்போனது. அங்கேயே மறுபடி பொத்தானை அழுத்தினார். போகிற வழியில் தன் வண்டியை அணைத்தார். அரங்குக்குள் போனதும் மீட்டர் கீச்கீச்சென்று கத்தியது. முப்பத்தெட்டு.

லோர்ன் எல்லாரையும் வெளியே விரட்டினார். கதவுகளை விரியத் திறந்தார். அந்தப் பழைய பனித்தரை வண்டியைச் சரி செய்யாமல் ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பனியில் நின்ற இங்கிரிட்டிடம் டுவயர் மெல்ல வந்து காதோரம் குனிந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. தப்பு என்னோடது. சனிக்கிழமை நீ ஆடற."

ஹலினா இடுப்பில் கை வைத்தாள்.

"நடிக்கிறான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிதானே சார் சொன்னீங்க?"

டுவயர் திரும்பிப் பார்த்தார். அணியின் பதினைந்து பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்வீடு வரை கேட்கிற மாதிரி மறுபடி மன்னிப்புக் கேட்டார்.