சபைக்கு முதுகு காட்டாத சாவு

"ஐயோ... எரியுதே...! வயிறு எரியுதே...!"

விரிவுரையாளர் தவராசா அலறினார்.

கையிலிருந்த பித்தளைக் கிண்ணம் உருண்டது. ராசா வேஷத்தோடு மேடையில் தொப்பென்று விழுந்தார்!

படபடவென்று கைதட்டல்.

பின்னே? ஒத்திகையில் ராசா நஞ்சு குடித்துச் சாகிற கட்டம். முப்பது மாணவரும் தட்டினார்கள். தட்டாவிட்டால் தவராசா சேர் புள்ளியில் கை வைப்பார்!

மூன்று நிமிஷம் போனது. ராசா எழும்பவில்லை.

வாயோரம் வெள்ளை நுரை...

"விஷம்...! இது உண்மையான விஷம்...!" முனகினார் ராசா.

கைதட்டல் பட்டென்று நின்றது.

1996 மாசி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பல்கலைக்கழக நாடக நடனத்துறை, கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் ஒரு பழைய நெல்லுக் களஞ்சியத்தில் நடந்துகொண்டிருந்தது. கூரையில் பாதி தகரம், பாதி கிடுகு. கலையை வளர்க்க வந்தவர்களோ ஆளையாள் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரோரம் நின்றாள் இரஞ்சிதம். வேஷ உடுப்புகளைத் தைப்பதும் தோய்ப்பதும் அவள் வேலை. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். தவராசா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏய், தோட்டம்!" என்பார். அவளும் மனதுக்குள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது!

முன்வரிசைக் கதிரையிலிருந்து பீடாதிபதி செல்வநாயகம் துள்ளி எழும்பினார்.

"ஆர் இவருக்குக் கிண்ணம் குடுத்தது?"

"நா... நான்தான் சேர்..."

கஜனி. இறுதி வருட மாணவி. நாடகத்தில் தோழி வேஷம். நின்ற நடுக்கத்தில் காலிலிருந்த சலங்கை தானாகக் கிலுங்கியது.

"ஒவ்வொரு நாளும் வெறுங்கிண்ணம்தான் சேர். இண்டைக்கு அவர்தான், 'யதார்த்தம் வேணும், தண்ணி விட்டுத் தா' எண்டவர்..."

மேடையில் கண்ணை மூடிக் கிடந்த தவராசாவின் கை மெல்ல உயர்ந்தது. விரல் கஜனியின் பையைக் காட்டியது. பிறகு சோர்ந்து விழுந்தது.

"பையைக் கொட்டுங்கோ!"

கொட்டினார்கள். கொப்பி. சீப்பு. ஒரு சின்னப் போத்தல்.

வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து!

"சேர்... இது என்ரை இல்லை! சத்தியமா என்ரை இல்லை!"

செல்வநாயகத்தின் முகம் கறுத்தது.

"நாடகத்தை நீ எழுத, அவர் தன்ரை பேரைப் போட்டிட்டார் எண்டு எனக்குக் கடிதம் தந்தனீ. ஒத்திகை முடிய விசாரிக்கத்தானே நான் வந்தனான்? அதுக்குள்ள ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ?"

"நான் செய்யேல்லை சேர்!"

"அதைக் காவல்துறைக்குச் சொல்லு. ஆரும் போய் லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியைக் கொண்டு வாங்கோ! இவரை ஆஸ்பத்திரிக்கு ஏத்த வேணும்!"

இரண்டு பேர் ஓடினார்கள். கஜனி அப்படியே நிலத்தில் குந்தி விம்மினாள்.

இரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாதம் ஜாம் போத்தல் விளக்கில் கண் எரிய எரிய அந்தப் பிள்ளை எழுதியதைப் பக்கத்துக் கொட்டிலிலிருந்து பார்த்தவள் அவள். இப்போது நாடகமும் போய், பட்டமும் போய், கம்பி எண்ண மறியலுக்கும் போகப் போகிறாள்!

விறுவிறுவென்று மேடையில் ஏறினாள். குனிந்து தவராசாவின் வாயருகே மூக்கை வைத்தாள்.

பூச்சிமருந்து மணமே இல்லை! தோளில் கிடந்த சால்வையில்தான் குப்பென்று அடித்தது.

நுரையை விரலால் தொட்டாள். வழுக்கியது. காலையில் உடுப்புப் பெட்டியில் வைத்த அரைக்கட்டி சவுக்காரம் மாயமான மர்மம் அந்த இடத்திலேயே துலங்கியது. பொருளாதாரத் தடைக்காலம். சவுக்காரம் பவுண் விலை விற்கிற நேரம்!

விழுந்த விதத்தையும் பார்த்தாள். வயிறு எரிகிறவன் சுருண்டு புரளுவான். இந்த மனிசன் சோக்கட்டியால் கீறிய வட்டத்துக்குள், உடுப்புக் கசங்காமல், முகத்தைச் சபைக்குத் திருப்பி விழுந்திருந்தார். கிரீடம்கூட அசையவில்லை. 'சபைக்கு முதுகு காட்டாதே' என்று முதல் வருஷத்துக்கு அவர் கத்துகிற பாடம். சாகும்போதும் மறக்கவில்லை!

"ஐயா, இந்த ஆளுக்கு ஒண்டுமில்லை. நடிப்பு!"

"உடுப்புத் தோய்க்கிற உனக்கு இதிலை என்ன கதை? விலகு!" சீறினார் செல்வநாயகம்.

இரஞ்சிதம் பல்லைக் கடித்தாள். படித்த பெரிய மனிதர்! சொன்னால் கேட்கமாட்டார். காட்டத்தான் வேண்டும்.

தவராசாவின் தலையிலிருந்து கிரீடத்தை மெல்லக் கழற்றினாள்.

"பரமலிங்கண்ணை! இஞ்சை ஓடி வாங்கோ!"

பரமலிங்கம் துறையின் மத்தளக்காரர். முப்பது வருஷம் மத்தளம் அடித்தும் தவராசாவின் வாயில் அவர் வெறும் "மேளம்"தான்.

"இந்தாங்கோ கிரீடம். ராசா வேஷம் இனி உங்களுக்குத்தான். வாற கிழமை அரங்கேற்றமெல்லே? அந்தச் சாவு வசனத்தை ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"உனக்கென்ன விசரே? மனிசன் சாகக் கிடக்குது..."

இரஞ்சிதம் கண்ணடித்தாள். பரமலிங்கம் கப்பென்று பிடித்துக்கொண்டார். கிரீடத்தைக் கோணலாக மாட்டினார்.

"ஆகா! தவராசா சேரைவிட எடுப்பு!" உரக்கச் சொன்னாள்.

கீழே கிடந்தவரின் கால் பெருவிரல் துடித்தது!

"என்ன நடக்குது இஞ்சை?" செல்வநாயகம் அதட்டினார்.

"ஒரு நிமிஷம் பொறுங்கோ ஐயா. சொல்லுங்கோ அண்ணை!"

பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். மல்லாவி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் ஒரே மூச்சாய் ஓடினார்.

"நஞ்சு தந்த கையை அறிவேன் ஆனால் நான் சொல்லமாட்டேன் மந்திரி!"

"அருமை! அருமை! இப்பிடி ஒருத்தரும் நடிச்சதில்லை. இன்னொருக்கா!"

"நஞ்சு தந்த கையை அறிவேன் ஆனால்..."

"நிப்பாட்டு, மூதேவி...!"

பிணம் எழும்பி உட்கார்ந்தது!

"'அறிவேன்' எண்டிட்டு மூச்சை இழுத்து, நாலு தாளம் விட்டு, பிறகெல்லோ 'ஆனால்'! அந்தப் பெட்டை அதிலை சிவப்பு மையாலை நாலு கோடு போட்டெல்லோ எழுதித் தந்தவள்! கொப்பியைப் பாத்துச் சொல்லடா!"

முப்பது தலையும் கஜனி பக்கம் திரும்பின.

கஜனி முகத்தை நிமிர்த்தினாள்.

செல்வநாயகம் மேடையருகே வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"எந்தப் பெட்டை எழுதித் தந்தவள், தவராசா?"

தவராசா கஜனியைப் பார்த்தார். கிரீடத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

ஒரு சவுக்கார நுரைமுட்டை மட்டும் வந்தது. ஆடி ஆடிப் பறந்து, பீடாதிபதியின் மூக்கில் பட்டு உடைந்தது!

பின்வரிசையில் ஒருத்தன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான். பிறகு முப்பது பேரும்.

"ஐயா, சால்வையை மணந்து பாருங்கோ. மருந்து அதிலைதான் கிடக்குது, வயித்திலை இல்லை. கண்ணை மூடிக் கிடந்த மனிசன் போத்தல் கிடக்கிற பையை எப்பிடிக் காட்டினவர் எண்டும் கேளுங்கோ." இரஞ்சிதம் சொன்னாள்.

செல்வநாயகம் மணந்தார். முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை கஜனி... எழும்பு. நாடகத்திலை உன்ரை பேர்தான் வரும். நான் அவசரப்பட்டிட்டன்."

கஜனி எழும்பவில்லை. இரஞ்சிதத்தின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெரிதாக அழுதாள். இரஞ்சிதத்துக்கும் கண் கலங்கியது. அதைத் தவராசா பார்த்துவிடக்கூடாதே என்று மூக்கைச் சிந்தினாள்.

வெளியே லாண்ட்மாஸ்ரர் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது.

"அக்கா, சாகக் கிடக்கிறவரை ஏத்தட்டோ?" என்றான் சாரதி.

"ஏத்து தம்பி. ஆஸ்பத்திரிக்கில்லை, நேரே காவல்துறைக்கு விடு. அதுக்கு முன்னம்... என்ரை சவுக்காரத்தைத் துப்பிப்போட்டு ஏறச் சொல்லு!"