வீணாய்ப் போன சூடு

தென்காசியில் இப்போது யாரும் யாரையும் "சாப்டாச்சா?" என்று கேட்பதில்லை. கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கசிவடைப்பு ஊசி வந்த ஒரே வருடத்தில் மூன்று வேளைச் சாப்பாடு ஒரு வேளையாகிவிட்டது.

அந்த ஊசியை ஊருக்கெல்லாம் போட்டவள் பிரம்மசக்தி. சுகாதார மையத்துக்கு வருகிறவர்களிடம் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிப்பாள். உயிரணுக்களுக்குள் இழைமணி என்று குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. தின்றதை மூச்சுக்காற்றோடு சேர்த்து எரித்து, உடம்பின் வேலைக்கு ஆகும் சக்தியாக மாற்றுவது அவைதான். ஆனால் பாதிக்கு மேல் வெறும் சூடாகக் கசிந்து வீணாகிறது. ஊசி அந்தக் கசிவை அடைத்துவிடும். உடம்பு சில்லிட்டுப் போகும்தான். அதற்கென்ன, மின்கலம் வைத்த வெப்பச்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டால் போயிற்று.

அந்த வட்டாரத்திலேயே ஊசிக்குப் பிடிகொடுக்காத ஒரே ஆள் அவள் புருஷன் இசக்கியப்பன். மூன்று வேளையும் வளைத்துக் கட்டுவான். தெருவே கேலி பேசியது. ஊசி போடுகிறவளின் வீட்டிலேயே இந்தக் கூத்தா என்று பிரம்மசக்திக்கு மானம் போயிற்று.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்து அன்று ஐந்தாம் நாள். மருத்துவமனைச் சூட்டுப்பெட்டியிலிருந்து முந்தின நாள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மத்தியானம் சாரல் பிடித்துக்கொண்டது. குழந்தை அழாமல் கிடந்தது. சமர்த்து என்று கொஞ்சப் போனவளுக்குப் பாதத்தைத் தொட்டதும் பகீரென்றது. ஒரு போர்வை போர்த்தினாள். இரண்டு, மூன்று. முப்பத்தேழு டிகிரி காட்ட வேண்டிய வெப்பமானி முப்பத்து நான்கு என்றது. நான்காவதையும் போர்த்தினாள். முப்பத்து மூன்றரை.

டாக்டர் கோமதிநாயகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், நாலு போர்வை போத்திட்டேன். சூடு எறங்கிட்டே போகுது!"

"போர்வை என்ன அடுப்பாம்மா? உள்ள சூடு இருந்தாத்தானே அது பிடிச்சு வைக்கும்? பிள்ளைக்கு உள்ளயே சூடு பிறக்கலயே."

"அவளுக்கு நான் ஊசி போடலயே சார்!"

"ஒனக்குப் போட்டிருக்குல்லா? இழைமணி அப்பன்கிட்ட இருந்து வராது. அத்தனையும் தாய் வழிதான்." அவர் குரல் தாழ்ந்தது. "எங்களுக்கே இப்பதான் உறைக்குது. ஊசி போட்டவளுக்கு இங்க பிறந்த மொத பிள்ளை ஒன்னோடது. வண்டியோட வாரேன். வெப்பச்சட்டைய மட்டும் சுத்திராத, பச்சைத்தோல் வெந்துரும். நெஞ்சோட அணைச்சு வச்சிரு."

அணைத்தாள். அவள் நெஞ்சே சாரலில் நனைந்த சுவர் மாதிரி இருந்தது. பெற்ற உடம்பில் பிள்ளைக்குக் கொடுக்கக் கொஞ்சம் சூடு இல்லையே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க! ஓடியாங்க, சட்டையக் கழத்துங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த இசக்கியப்பன் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்தான். அவன் மார்பில் குழந்தையைக் கிடத்தி மேலே ஒரே ஒரு போர்வையைப் போர்த்தினாள். முப்பத்து நான்கு. முப்பத்தைந்தரை. அரைமணி நேரத்தில் வீடே அதிர ஒரு அழுகை கேட்டது.

டாக்டர் வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சூட்டுப்பெட்டில வைக்கலாம். எத்தன நாளைக்கு வைக்க? பிள்ள தவழணும், வெளாடணும். வெப்பச்சட்டைய தாங்குத அளவுக்குத் தோல் தடிக்கிற வரைக்கும், இசக்கியப்பா, நீதான் பெட்டி."

"எவ்வளவு நாளாவும் சார்?"

"ஒரு வருஷம் ஆவும்."

"அப்ப ரொம்பப் பசிக்குமே," என்றான் இசக்கியப்பன்.

பிரம்மசக்திக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வருடம் கர்ப்பமாகப் பதிந்தவர்களில் தன் கையால் ஊசி போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று.

வண்டிச் சத்தம் கேட்டுத் தெரு கூடியிருந்தது; சேதி அதற்குள் பரவிவிட்டது. முதலில் உள்ளே வந்தவள் எதிர்வீட்டுச் சொர்ணவல்லி. இசக்கியப்பனை அதிகம் கேலி பேசியவள் அவள்தான். அன்றைக்கு அவள் சாப்பிட வேண்டிய ஒரே வேளைச் சோற்றைத் தட்டோடு கொண்டுவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவன் முன்னால் வைத்தாள்.

"வயிறார சாப்பிடுங்க அண்ணாச்சி," என்றாள். "எனக்கு அடுத்த மாசந்தான் தேதி."