எல்சியின் வெள்ளை அணுக்கள்

"டாக்டரம்மா, எம் பொண்டாட்டிக்கு நான் வெசம் வச்சுட்டேன்னு மாமியாக்காரி தெருவெல்லாம் சொல்லிகினு கீது. மச்சான் டேசனுக்குப் போறேன்றான். அவ ரத்தத்தப் பாத்து நீங்கதான் உண்மையச் சொல்லணும்!"

ராயபுரத்தில் டாக்டர் குணசுந்தரி நடத்திய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அம்புரோஸ் மூச்சிரைக்க நின்றான். துறைமுகக் கிடங்கில் எலிப்பாஷாணப் பெட்டிகளை அடுக்குபவன் அவன். பழி ஒட்ட அதுவே போதுமானதாக இருந்தது.

டாக்டர் பதறவில்லை. உதவியாளர் வால்டரை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் அவன் மனைவி எல்சி கடும் காய்ச்சலில் கிடந்தாள். தொண்டை புண்ணாகி, மூன்று நாளாகப் பேச்சில்லை. வால்டர் அவள் விரலில் ரத்தம் எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார்.

"இதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது?" என்று டாக்டர் கேட்டார்.

எல்சியின் தாயார் இருதயம்மாள் மூக்கைச் சிந்தினாள். "கை நடுக்கம், படபடப்பு. எலும்பும் தோலுமாப் போயிட்டா. மருந்து மாத்திரை ஒண்ணுங் கெடையாது. மாதாவுக்கு ஒம்பது நாள் நவநாள் ஜெபம் செஞ்சேன், ரெண்டே மாசத்துல தேறிட்டா. அது பொறுக்கல இவனுக்கு!"

டாக்டர் எல்சியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கொடியில் தொங்கிய ரவிக்கையைத் திருப்பினார். பக்கத் தையலை முதலில் உள்ளே பிடித்து, மறுபடி பிரித்துப் பெரிதாக்கித் தைத்திருந்தது.

"இது யார் தைத்தது?"

"அவதான். போன வாரம்."

அதற்குள் வால்டர் வியர்த்துக் கொட்டத் திரும்பி வந்தார். "நாலாயிரத்துக்குக் குறையக் கூடாத வெள்ளை அணுக்கள் எண்ணூறுதான் இருக்கு, டாக்டர்! பாஷாணமேதான்!"

அம்புரோஸ் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"அவசரப்படாதீங்க, வால்டர். விஷம் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே போயிருந்தால் இளைத்திருப்பாள். இவள் சதைபிடித்து ரவிக்கையைப் பிரித்திருக்கிறாள். நடுங்கின கை இவ்வளவு நுணுக்கமாகத் தைத்திருக்கிறது. கழுத்தில் வீக்கமும் இருக்கு. தைராய்டு அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிற நோய் இது. அந்த நோயும் வெள்ளை அணுக்களைக் கொஞ்சம் குறைக்கும். இந்த அளவுக்கு இல்லை. நோயை ஒரு மாத்திரை அடக்கியிருக்கிறது. அதே மாத்திரை ஆயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வெள்ளை அணுக்களை வற்ற வைத்துவிடும். முதல் அடையாளமே காய்ச்சலும் தொண்டைப் புண்ணும்தான்." டாக்டர் கட்டிலருகே குனிந்தார். "மாத்திரை எங்கேம்மா?"

எல்சியின் விரல் தையல் மிஷினின் இழுப்பறையைக் காட்டியது. பொத்தான் டப்பாவுக்குள் தர்மாஸ்பத்திரிச் சீட்டு ஒட்டிய, பாதி காலியான மாத்திரைப் புட்டி இருந்தது.

"இன்னைக்கும் முழுங்கினியா?"

தலையசைத்தாள். குரல் காற்றாக வந்தது. "நவநாளாலதான்னு... அம்மா சந்தோசப்பட்டுச்சு. யாருக்கும் சொல்ல மனசு வரல."

மாத்திரை அன்றே நின்றது. ஆஸ்பத்திரியில் தனி அறை, வேளை தவறாமல் பென்சிலின் ஊசி. மாமியாரும் மருமகனும் வெளிப் பெஞ்சின் இரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் வால்டர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "நாலாயிரத்து இருநூறு!"

"அப்டின்னா?" என்றாள் இருதயம்மாள்.

"பொழச்சிட்டா. அந்த மாத்திரையை மட்டும் இனிமே தொடவே கூடாது. தைராய்டுக்கு ஆபரேஷன் செஞ்சுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

அவள் பெஞ்சில் நகர்ந்து வந்து அம்புரோஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பேசினத மனசுல வச்சுக்காத, நைனா."

"வுடு அத்தே," என்றான் அவன், கண்ணைத் துடைத்தபடி. "உள்ள போ. கஞ்சி வோணும்னு கேட்டுகினு கீறா."