கந்தப்பன் ஓட்டிய லொறி

மழை பொய்த்து மஸ்கெலியா நீர்த்தேக்கம் அடிவரை வற்றியிருந்த மாசி மாதம். லொறி திருத்தும் கராஜ் வைத்திருக்கும் அழகனைக் கூட்டிக்கொண்டு மீனம்மா சேற்றில் இறங்கினாள். நடுப்பகல்தான், ஆனாலும் பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அழுகிய பாசியின் வாடை மூக்கை அடைத்தது.

அங்கே ஒரு லொறி கிடந்தது. தகரமெல்லாம் கரைந்து, சட்டமும் அச்சும் பிரேக், கிளட்ச் மிதிகளும் மட்டும் மிஞ்சியிருந்தன.

மீனம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அணை கட்டி இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நாளில், அப்பா கந்தப்பன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் தோட்டத்துப் பழைய பட்டாளத்து லொறியோடு காணாமல் போனார். லொறியை விற்றுவிட்டு இந்தியாவுக்கு ஓடிவிட்டான் என்றது தோட்டம். அம்மா சண்முகவடிவு நம்பவில்லை. சாகும்வரை பொட்டை அழிக்காமல் வாசலையே பார்த்திருந்தாள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்குத் திதி கொடுப்பது எப்படி? ஒரு விளக்குக்கூட ஏற்றியதில்லை.

அழகன் முன்னச்சின் சேற்றை வழித்தான். நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை.

"பட்டாளத்து லொறிதாங்க்கா. ரோட்டு லொறிக்குப் பின்னச்சு மட்டுந்தான் இழுக்கும். இது முன்னாலயும் இழுத்திருக்கு."

ஆனால் அந்தக் காலத்தில் பல தோட்டங்கள் பட்டாளத்து லொறி வாங்கி ஓட்டினவாம். இதை வைத்து ஆளைச் சொல்ல முடியாதாம். பேசிக்கொண்டே மிதிகளைத் துடைத்தவனின் கை நின்றது. துருவேறி இறுகிப்போயிருந்த கிளட்ச் மிதியின்மேல், இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஓர் இரும்புத் துண்டை வெல்டிங் பிடித்திருந்தார்கள்.

"ஒங்க அப்பாவுக்கு எடது காலு குட்டையாக்கா?"

அப்பா இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பார். அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடிப் போகலையே நீங்க... வீட்டுக்கு வாங்கப்பா."

அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது. உயிர் போன இடத்தில் நின்று யாரையும் வா என்று அழைக்கக் கூடாதென்பது தோட்டத்து லயக் குடியிருப்பின் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாவம், அந்த நேரத்தில் அவளுக்கு அதெல்லாம் நினைவிருக்குமா?

சுத்தியலால் அடித்தாலும் அசையாத அந்த மிதி மெல்ல உள்ளே இறங்கியது.

அங்கேயே நின்றது. யாரோ மிதித்துப் பிடித்திருப்பதுபோல.

மறுநாள் நண்பகலில் மீனம்மா வீட்டில் அப்பாவுக்குப் படையல் வைத்தாள். செத்தவர் வந்து சாப்பிடட்டுமென்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றாள்.

உள்ளிருந்து சேற்று வாடை வந்தது.

ஈரக்கால்களின் சத்தம் சமையலறை வரை போய்த் திரும்பியது.

"வடிவு..."

அம்மாவை அப்படிக் கூப்பிட்டவர் ஒருவர்தான்.

"வடிவு எங்க?"

பதினெட்டு வருஷத்துக்கு முன் புதைத்தவளை எங்கேயென்று சொல்வது? மீனம்மா கதவில் நெற்றியைச் சாய்த்தாள்.

"மலைக்குப் போயிருக்காங்கப்பா. கொழுந்து நிறுத்துட்டு வந்துருவாங்க."

காலடிச் சத்தம் அடங்கியது. சுவரோரத்து வாங்குப் பலகை, ஆள் உட்கார்ந்த பாரத்தில் மெல்ல முனகியது.

பொழுது சாயும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே பலகையைவிட்டு அப்பா எழுந்த சத்தம் கேட்கவில்லை.