சேவுக்கு ஒரு குட்டி வாசல்

“இந்தா பாருங்க, வீட்டுல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. அடிச்சா அன்னைக்கே சாவியக் குடுத்துடணும்.”

அருப்புக்கோட்டையில் அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்று, வீட்டுக்கார முருகேஸ்வரி அத்தை சொன்ன முதல் வார்த்தை இதுதான். அதனால் பிருந்தாவின் வீட்டில் கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. காலண்டர் ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கியது. சாமி படங்கள் எல்லாம் பள்ளிக்கூட வேனில் வரும் பிள்ளைகளைப் போல அலமாரியில் நெருக்கியடித்து நின்றன.

அத்தை மேல் மாடியில் குடியிருந்தார். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கறாரான ஆள்தான். ஆனால் நாய் வளர்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அதனால் சேவுவும் கூடவே குடிவந்துவிட்டது.

சேவு ஒரு பெண் நாய். காராச்சேவு நிறம். பாலவனத்தம் பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ இடித்துக் கிடந்த குட்டியை, பிருந்தாதான் அப்பாவின் வேட்டித் துண்டில் சுற்றித் தூக்கி வந்தாள். பின்னங்கால் ஒன்று கோணலாகவே கூடிவிட்டது. நடக்கும்போது ‘டக்கு டக்கு’ என்று சாய்ந்து சாய்ந்து நடக்கும்.

ஆடி மாதம் அம்மா தங்கலட்சுமி நூற்பு மில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அப்பா இருளாண்டி காலையிலேயே லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பிருந்தாவுக்கு ஐந்தாம் வகுப்பு. மாலை நாலரைக்குத்தான் வீடு திரும்புவாள்.

அதுவரை சேவு என்ன செய்யும்?

கொல்லையில் கட்டிப் போட்டால் வெயில் பொசுக்கியது. அங்கே ஒரு மரம் கூடக் கிடையாது. வீட்டுக்குள் விட்டுப் பூட்டினால், பாவம், ஒண்ணுக்குப் போக முடியாது. சேவு சுத்தக்காரி. வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. கதவைத் திறக்கச் சொல்லிப் பின்வாசல் கதவைப் பிறாண்டும். யாரும் திறக்காவிட்டால் இன்னும் பிறாண்டும்.

புதன்கிழமை மாலை அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன இது?”

பின்வாசல் மரக்கதவின் அடியில் ஏழெட்டுக் கோடுகள். அத்தை குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துப் பிருந்தா கண்களை இறுக மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள். அத்தையின் முகம், புதுப் பாவாடையில் மை கொட்டிவிட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“இந்த ஒரு கதவுக்காக மதுரைக்கு மூணு தடவ போனேன் தங்கலட்சுமி. கடையில நின்னு நின்னு சேத்துக் கட்டின வீடு இது. முன்னாடி இருந்தவுக ஹால் செவுத்துல வரிசையா ஓட்டை போட்டுட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாக. இப்ப கதவும் போச்சு.”

“மன்னிச்சுக்குங்கக்கா” என்றார் அம்மா. தலை நிமிரவே இல்லை.

“நான் ஒண்ணும் பொல்லாதவ இல்ல. நீங்க இருங்க. ஆனா அது இங்க வேண்டாம்.”

அத்தை படியேறிப் போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார். “ஞாயித்துக்கிழமை எம்.ரெட்டியபட்டிக்கு உர லோடு இருக்கு. சேவுவக் கூட்டிட்டுப் போயி பெரியப்பா காட்டுல விட்டுருவோம்த்தா. பருத்திக் காட்டுக்குக் காவலா இருக்கும்.”

“அங்க ரெண்டு பெரிய நாய் இருக்குப்பா! இதால ஓடக் கூட முடியாதே.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

பிருந்தாவுக்கு அப்பா மேலும் கோபம் வரவில்லை, அத்தை மேலும் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. யார் மேலாவது கோபப்பட்டால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளியில் அசோக்கிடம் சொன்னாள். அசோக் பக்கத்துத் தெரு. அவள் வகுப்பு. எதைக் கேட்டாலும் முதலில் ‘தெரியும்’ என்பான்.

“தெரியும். வெளிநாட்டுல எல்லாம் நாய்க்குன்னு தனியா கதவு இருக்கும். கதவுலயே சின்னதா ஓட்டை போட்டு, தொங்குற மாதிரி ஒரு மூடி வைப்பாங்க. நாய் முட்டித் தள்ளிட்டுப் போகும், வரும்.”

“ஏலே, ஒரு ஆணியே அடிக்கக் கூடாதுங்கிறேன். நீ கதவுல ஓட்டை போடச் சொல்றியே!”

“அதுவும் சரிதான்” என்றான் அசோக்.

சாயங்காலம் கூடவே வந்திருந்த அசோக்கோடு பின்வாசலில் உட்கார்ந்து பிருந்தா யோசித்தாள். அங்கே இரண்டு கதவுகள். உள்ளே மரக்கதவு. வெளியே இரும்புக் கம்பிக் கதவு. கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு மரக்கதவைத் திறந்து வைக்கலாம். கொல்லையைச் சுற்றி உயரமான சுவரும் இருக்கிறது. ஆனால் கம்பிகளுக்கு நடுவே சேவுவின் மூக்கு மட்டும்தான் நுழையும். கம்பிக்குக் கீழே அடிப்பகுதியில் இரண்டு தகரம் அடைத்திருந்தது.

சேவு அந்தத் தகரத்தின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. வாலை ஆட்டும்போதெல்லாம் தகரம் ‘டண் டண்’ என்றது.

அது என்ன, ஆடுகிறதே? பிருந்தா குனிந்து பார்த்தாள். இடப்பக்கத் தகரம் ஒட்டவைத்தது இல்லை. நாலு மூலையிலும் நாலு நட்டுப் போட்டு முடுக்கியிருந்தது!

“அசோக்கு! ஓட்டையே போட வேண்டாம்லே. ஓட்டை ஏற்கெனவே இருக்கு!”

அப்பாவின் வண்டியிலிருந்து ஸ்பேனர் வந்தது. நட்டுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டதும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டது. தகரத்தை எடுத்தால், ஒரு சேவு மட்டும் நுழையும் அளவுக்கு ஓர் அழகான வாசல்.

“தெறந்து கெடந்தா பெருச்சாளி வருமே. மூடி என்ன போடப் போறே?” என்று கேட்டார் அம்மா. முருகேஸ்வரி அத்தையிடம் கேட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. மில்லில் நின்று நின்று கால் வலி. அந்தக் கேள்வி அவருக்கு அப்போது தோன்றவில்லை. பிருந்தாவுக்கும்தான்.

முதலில் பருத்திக்கொட்டைச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். மேல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். சேவு அதை மோந்து பார்த்தது. பல்லால் பிடித்து இழுத்தது. சாக்கு கீழே விழுந்ததும் அதை நாலு தடவை சுற்றிவந்து, மேலே படுத்துத் தூங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அசோக் ஒரு ஃபிளெக்ஸ் கொண்டு வந்தான். அவன் தம்பியின் காதுகுத்துக்குப் போட்டது. வெட்டிக் கட்டிய பிறகுதான் தெரிந்தது, அதில் சரியாக சேவுவின் உயரத்துக்கு அவனுடைய தாய்மாமன் முகம் இருந்தது. முறுக்கு மீசை, கறுப்புக் கண்ணாடி.

சேவு ஒரே பாய்ச்சலில் பின்னால் போய், தொண்டை கட்டும் வரை குரைத்தது.

“எங்க மாமாவ நேர்ல பாத்தாலும் எல்லா நாயும் இப்படித்தான் குரைக்கும்” என்றான் அசோக், கொஞ்சம் பெருமையாக.

ஃபிளெக்ஸைத் திருப்பிப் போட்டார்கள். வெள்ளைப் பக்கம். ஆடிக் காற்று அடித்ததும் அது ‘படபட’வென்று அடித்துக்கொண்டது. சேவு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

நாளை சனிக்கிழமை. அப்புறம் ஒரே ஒரு ராத்திரிதான். பிருந்தாவுக்கு அழுகை முட்டியது. பின்வாசலுக்கு எதிரே தரையில் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டாள். முகவாய் தரையில் பட்டது.

அங்கேயிருந்து பார்த்தால் ஃபிளெக்ஸ் ஒரு வெள்ளைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கதவு மாதிரியே இல்லை.

“அதான் பயப்படுதியா நீ?” என்று கட்டிலுக்கு அடியில் பார்த்துக் கேட்டாள். சேவு மூக்கை மட்டும் நீட்டியது. “இடிச்ச ஆட்டோவும் இப்படித்தான் தெரியாம வந்திருக்கும், இல்ல?”

அந்தப் பக்கம் தெரிய வேண்டும். காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாது. கனமாக இருக்க வேண்டும். அப்படி என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலை பஞ்சர் கடையில் கிழிந்துபோன ட்யூப் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். சோப்புப் போட்டுக் கழுவி, நீள நீளமாக நறுக்கி, பட்டை பட்டையாகத் தொங்கவிட்டாள். பட்டைகள் தரையைத் தொட்டுக்கொண்டு அசையாமல் தொங்கின. நடுவில் இருந்த இடுக்கு வழியே கொல்லை வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

அந்தப் பக்கம் போய் ஒரு பொரை ரொட்டியை நீட்டினாள். “சேவு, வா.”

ஒரு கறுப்பு மூக்கு வந்தது. பட்டைகள் விலகின. இரண்டு காது. அப்புறம் முழுச் சேவு. ‘டக்கு டக்கு’ என்று வந்து பொரையைக் கவ்விக்கொண்டு, திரும்பி உள்ளே போய்விட்டது!

“வந்துருச்சுலே! போயிருச்சுலே!” பிருந்தா குதித்தாள்.

“இரு, உங்கம்மா திருடன் வந்தா என்ன பண்ணுவேன்னு கேப்பாங்க. நான் செக் பண்றேன்” என்றான் அசோக். பிருந்தாவை உள்ளே போகச் சொல்லிக் கம்பிக் கதவைச் சாத்திவிட்டு, கொல்லைப் பக்கம் படுத்துத் தலையை உள்ளே விட்டான். தோளை ஒருக்களித்து நுழைத்தான். வயிறு வந்தது. அதோடு சரி.

“பிருந்தா... மாட்டிக்கிட்டேன்.”

அவள் உள்ளேயிருந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சேவு வந்து அவன் முகம் முழுக்க நக்கியது. “ஏய், சேவு, விடு! ஐயோ, மூக்குக்குள்ள நக்குது!”

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் போட முருகேஸ்வரி அத்தை கொல்லைக்கு இறங்கி வந்தார். அவர் கண்ணில் பட்டது, தன் கம்பிக் கதவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்.

“ஏலே! யார்றா அது?”

கால்கள் ஆடுவதை நிறுத்தின. “நான்தான் அத்தை, அசோக்கு.”

“அங்க என்னடா பண்ற?”

“திருடன் உள்ள வர முடியுமான்னு பாக்கேன் அத்தை. முடியல.”

அத்தையின் உதடு லேசாகக் கோணியது. சட்டென்று சரிசெய்துகொண்டார். “காலையில என்னத்தத் தின்ன?”

“நாலு புரோட்டா.”

“மூச்சை வெளிய விடு. இன்னும். ம்...” காலைப் பிடித்து ஓர் இழுப்பு. புரோட்டாவோடு அசோக் வெளியே வந்து விழுந்தான்.

அப்புறம்தான் அத்தை தகரம் இல்லாத கதவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“தகரம் எங்க? இதையும் ஒடைச்சாச்சா?”

‘அசோக்தான்’ என்று சொல்லலாம். ‘அப்பா கழற்றினார்’ என்று சொல்லலாம். பிருந்தா கம்பிக் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

“நான்தான் அத்தை கழட்டினேன். உங்கள்ட்ட கேக்காமக் கழட்டினது தப்பு. ஒரு நிமிஷம் இருங்க.”

உள்ளே ஓடினாள். பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த தகரத்தைக் கொண்டு வந்தாள். மஞ்சள் டப்பா ஒன்றிலிருந்து நாலு நட்டையும் எடுத்தாள். ட்யூப் பட்டைகளை அவிழ்த்தாள். தகரத்தை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று முடுக்கினாள்.

கதவு பழையபடி ஆகிவிட்டது. அத்தை குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“இப்ப கேக்கேன் அத்தை. இதைக் கழட்டலாமா?”

அத்தையின் கண் உள்ளே இருந்த மரக்கதவுப் பக்கம் போனது.

“மரக்கதவு தெறந்தே இருக்கும். அதை இனிமே பிறாண்ட வேண்டிய வேலையே சேவுக்கு இல்ல. அந்தக் கோட்டுக்கு அப்பா வார்னிஷ் அடிச்சுத் தாரேன்னாரு. நீங்க சரின்னா, இந்த நாலு நட்டும் உங்கள்ட்டயே இருக்கட்டும்.”

“என்கிட்ட எதுக்கு?”

“முன்னாடி இருந்தவுக ஓட்டையப் போட்டுட்டு அப்படியே போயிட்டாகல்ல. நாங்க காலி பண்ணும்போது உங்கள்ட்ட வந்து நட்டை வாங்கினாத்தான் தகரத்த மாட்ட முடியும். மாட்டிட்டுத்தான் போவோம்.”

அத்தை அந்த டப்பாவைப் பார்த்தார். பிருந்தாவைப் பார்த்தார். கதவுக்கு உள்ளே மூடிய தகரத்தின் பக்கத்தில் நின்று, வாசல் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்த சேவுவைப் பார்த்தார். அது தகரத்தைப் பிறாண்டவில்லை. மூக்கால் மெல்ல ஒரு முட்டு முட்டிவிட்டு, காத்திருந்தது.

“கழட்டு” என்றார் அத்தை.

நாலு நட்டும் டப்பாவுக்குள் விழுந்தன. அத்தை அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“ஒரு மாசம் பாப்பேன். கதவுல புதுசா ஒரு கோடு இருந்துச்சு, அப்புறம் பேச்சே கெடையாது.”

“சரி அத்தை!”

ஞாயிற்றுக்கிழமை எம்.ரெட்டியபட்டிக்கு அப்பாவின் வண்டியில் உர மூட்டை மட்டும்தான் போனது.

ஒரு மாதம் போனது. புதுக் கோடு விழவில்லை. ஐப்பசி மழையில் ட்யூப் பட்டைகள் நனைந்து காய்ந்தன. மார்கழியில் ஒரு நாள், கொல்லையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அத்தையின் மடியில் சேவு தலை வைத்துப் படுத்திருந்தது. “போ அங்கிட்டு” என்று அத்தை சொன்னார். ஆனால் தள்ளிவிடவில்லை.

சித்திரை வந்தது. வாடகை ஒப்பந்தத்தின் பதினொரு மாதமும் முடிந்தது. அப்பா பிருந்தாவைக் கடைக்கு அனுப்பினார். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

“அத்தை, ஒப்பந்தம் முடியுதாம். நாங்க இருக்கவா, காலி பண்ணவான்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

அத்தை துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

“காலி பண்றதுன்னா நட்டு வேணும்ல? அந்த நாலு நட்டையும் எங்கயோ கை மறதியா வச்சுட்டேன். எவ்வளவு தேடியும் கெடைக்க மாட்டேங்குது. அது கெடைக்கிற வரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது, ஆமா.”

பிருந்தா மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் தலைக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், தூசி தட்டித் துடைத்த மஞ்சள் டப்பா பளிச்சென்று இருந்தது.

“அவசரமே இல்ல அத்தை” என்றாள் பிருந்தா. “மெதுவாத் தேடுங்க.”