டப்பாவில் நாலு எழுத்து

மூன்று நாளாக மைசூரில் மழை விடவில்லை. மனிஷாவின் முகமும் வானம் போலவே மூடிக் கிடந்தது.

மனிஷாவுக்குப் பத்து வயது. அவள் அம்மா பொன்னம்மா, அக்ரஹாரத்தில் ஒரு மாடி வீட்டில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். யோகா கற்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வாடகைக்குத் தங்குவார்கள். அவர்களில் ஜெர்மனிக்கார உர்சுலா அக்கா மனிஷாவிடம் உயிராக இருந்தாள். ஒருவருக்கொருவர் அவரவர் மொழியில் நூறு வரை எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். நேற்று விடிகாலையில் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

"ஒரு டாட்டா கூடச் சொல்லலையேம்மா."

"ஊர்ல இருந்து போன் வந்துச்சாம் கண்ணு. என்ன அவசரமோ. இந்தா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு."

காலியான அறையில் கிடைத்த டப்பாவை அம்மா நீட்டினாள். உள்ளே வெள்ளைப் பொடி. மேலே பேனாவால் நாலு ஆங்கில எழுத்து. அம்மாவுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது.

"ஜி, ஐ, எஃப், டி. கிஃப்ட்! பரிசும்மா! எனக்குத்தான்!" மனிஷா குதித்தாள்.

அம்மா மோந்து பார்த்தாள். வாசனையே இல்லை. "பால் பவுடராட்டம் இருக்கு. பக்கத்து வீட்டு மல்லம்மா குழந்தைக்குப் பாலில்லாமத் தவிக்கிறா. பாதி கொடுத்துட்டு வரட்டுமா?"

மனிஷா சரியென்று தலையாட்டினாள். அம்மா பொட்டலம் கட்டிக்கொண்டு, கொடுத்துவிட்டு அப்படியே கடைக்கும் போய் வருகிறேன் என்று கிளம்பினாள்.

மனிஷா துடைப்பத்தோடு அக்காவின் அறையில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்தாள். அங்கேயும் அதே பொடி கோடாகத் தூவியிருந்தது. கோட்டின் மேல் ஏழு கரப்பான் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன.

பால் குடித்தா செத்தன?

டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கே ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் இருந்தார். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"ஆங்கிலத்தில்தான் இது பரிசு. ஜெர்மனிலும் எங்கள் மொழியிலும் விஷம். 'கொடு' என்ற ஒரே வேரில் வந்ததுதான் எல்லாம். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவரையும் இதே சொல்லால்..."

அதற்குள் மனிஷா படியிறங்கிவிட்டாள்.

மல்லம்மா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மடியில் குழந்தை வீறிட்டு அழ, அவள் பால் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேடா, பேடா!" என்று கன்னடத்தில் கத்தினாள். "கொடுக்காதீங்க! அது விஷம்!"

பாட்டில் விழுந்து உருண்டது. மல்லம்மாவின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"அய்யோ தேவரே! விஷத்தையா கொடுத்தா உங்கம்மா? இரு, அவளை..."

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுக்கா. படிச்சுச் சொன்னது நான்தான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

மல்லம்மா திட்டவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். மனிஷா பொட்டலத்தையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். தன் வீட்டில் இருந்த அரை டம்ளர் பாலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"விஷத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சொல்லா? விவரமானவங்கதான்," என்றாள் அம்மா.

"நாம மட்டும் என்னவாம்? எலியைக் கொல்ல வெச்சுட்டு 'எலி மருந்து'ன்னு சொல்றோம். எலிக்குக் காய்ச்சலா?"

அம்மா சிரித்தாள். மனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ உர்சுலா அக்கா எனக்குன்னு எதுவும் வெக்கலைம்மா."

அம்மா மகளின் ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள்.

டப்பாவைக் குப்பையில் போட வேண்டும். ஆனால் குப்பை பொறுக்குகிறவர்கள் திறந்து பார்த்தால்? மனிஷா அந்த நாலு எழுத்தையும் அடித்துவிட்டு 'மருந்து' என்று எழுதப் போனாள். 'ம' போட்டதும் நிறுத்தினாள். யாராவது குடித்துவைத்தால்? அதையும் அடித்துவிட்டு, 'விஷம்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதினாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு கீழே பெரிதாக ஒரு மண்டையோடும் இரண்டு எலும்பும் வரைந்து நீட்டினாள்.

வாங்கப் போன அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இது எனக்கே படிக்க வருது கண்ணு," என்றாள்.